இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று

இந்தக் கட்டிலில் அவர் பக்கம் எது?

கதவருகே நின்று புஷ்பவல்லி மனத்துக்குள் கேட்டுக்கொண்டாள். இரண்டு பேர் படுக்கிற கட்டில். இரண்டு தலையணை. சுவர்ப் பக்கம் எனக்கு, கதவுப் பக்கம் அவருக்கு. வீட்டில் அப்படித்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால், அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறதே என்பார்கள். அது அவளுக்குத் தெரியாதா?

சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். மற்றப் பாதியில் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

இது நடந்த விஷயம். சென்ற ஆண்டு செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை இரவு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் நடந்தது. மற்றப் பேய்க் கதைகளுக்குச் சாட்சி இருக்காது. இதற்கு இருக்கிறது. பதினொரு பக்கம். அந்த இரவின் ஒவ்வொரு முப்பது விநாடியும் கோடு கோடாக அதில் பதிந்திருக்கிறது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தாள் இருக்கிறது.

அது ஒரு தூக்க ஆய்வு மையம். இரவு முழுக்க அங்கேயே படுக்க வைத்து, தூக்கத்தில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்கிற இடம். மகள் வாணிதான் கொண்டுவந்து விட்டாள்.

"அம்மா நின்னுக்கிட்டே தூங்குறாங்க," என்று முன்மேசையில் புகார் கொடுத்தாள். "போன மாசம் கையச் சுட்டுக்கிட்டாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ் வர்றேன்னு கொமுட்டர் ரயில் ஏறினவங்க சென்ட்ரல்ல எறங்கல. ரவாங்ல இருந்து போன் பண்ணாங்க. 'வாணி, இது எந்த ஊரும்மா'ன்னு கேக்குறாங்க!"

எல்லாம் உண்மைதான். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் கந்தின், அதாவது சிற்றுண்டிச் சாலை, புஷ்பவல்லியுடையது. விடிகாலை நாலரைக்கு எழுந்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்கு அரிசி ஏற்றுவாள். இப்போதெல்லாம் கரண்டியைப் பிடித்தபடியே கண் சொருகிவிடுகிறது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். எட்டாவது கேள்வியில் பேனா நின்றது. உங்களுடன் படுப்பவர், நீங்கள் தூக்கத்தில் மூச்சை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறாரா?

இந்தக் கேள்வி அவளுக்குப் பழக்கமானது.

கணவர் திருச்செல்வம் கொள்கலன் லோரி ஓட்டியவர். துறைமுகத்திலிருந்து ஜொகூர், ஈப்போ என்று போவார். குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. அடுத்த வீட்டுப் பக்கிரிசாமி காலையில் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பார்: "என்னண்ணே, ராத்திரி லோரியை ஹால்லயே பார்க் பண்ணிட்டீங்களா?"

மூன்று வருடத்துக்கு முன்னால் லோரி லைசென்ஸுக்காக மருத்துவச் சோதனை. அவளும் கூடப் போயிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "ராத்திரி குறட்டை விடுவாரா? மூச்சு நிக்குமா?" மேசைக்கு அடியில் அவர் அவள் காலை மெல்ல மிதித்தார். ஆமாம் என்றால் தூக்கச் சோதனைக்கு அனுப்புவார்கள். அங்கே ஏதாவது வந்தால் லோரிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். லோரி ஓட்டிகளின் மனைவிகள் எல்லாருக்கும் இது தெரியும்.

"இல்ல டாக்டர்," என்றாள். "பூனை மாதிரி தூங்குவாரு."

வெளியே வந்ததும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பூனையா? நானா?" அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.



இருபத்தாறு வருடம் அவர் பக்கத்தில் படுத்திருக்கிறாள். குறட்டை ஏறும், ஏறும், சட்டென்று அறுந்துபோகும். சத்தமே இருக்காது. பத்து எண்ணுவாள். இருபது எண்ணுவாள். பிறகு முழங்கையால் ஓர் இடி. "ம்... திரும்புங்க." தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர் மாதிரி இழுத்து ஒரு மூச்சு விடுவார். திரும்பிப் படுப்பார். இதைத் தூக்கத்திலேயே செய்யப் பழகியிருந்தாள். நோய் என்று அவளுக்குத் தெரியாது. குடும்பம் நடத்துகிற வேலைகளில் இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தாள்.

அவரும் அவளை எழுப்புவார். வீட்டிலிருக்கிற நாட்களில் நாலரை மணிக்கு, விரல் முட்டியால் அவள் வலது தோளில் தட்டுவார். இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. லோரி எடுக்குமுன் டயரைத் தட்டிப் பார்க்கிற அதே தட்டு.

"எழுந்துட்டேங்க," என்று முனகுவாள்.

கடைசி நாள். மறுநாள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. முன்னூறு பொட்டலம் கட்ட வேண்டும். அவளுக்கு உடம்பு முடியவில்லை. கல்யாணமாகிப் போன வாணியின் அறைக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனாள். "இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்," என்றாள்.

"போ, போ. நல்லா தூங்கு. காலையில நானே வந்து தட்டுறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. அவள் பாதிக் கண்ணைத் திறந்து கைப்பேசியைப் பார்த்தாள். மணி 3.17.

'அப்பாடா,' என்று நினைத்தாள். திரும்பிப் படுத்துத் தூங்கிப் போனாள்.

நாலரைக்கு யாரும் தட்டவில்லை.

விடிகாலையில் உயிர் பிரிந்திருக்கிறது என்று மட்டும் டாக்டர் சொன்னார். 3.17 என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த 'அப்பாடா'வையும்.

எட்டாவது கேள்விக்கு ஒரு கோடு போட்டாள்.

ஒயர்களை ஒட்ட வந்த பெண்ணின் பெயர் மஜீதா. வயது முப்பதுக்குள் இருக்கும். அவளும் கிள்ளான்காரிதான். பேசிக்கொண்டே தலையை நாடாவால் அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, பிசின் தடவி ஒயரை அமுக்கினாள்.

"தலையில இருக்கறது மூளைக்கு ஆன்டி. எப்ப தூங்குறீங்க, எப்ப கனவு காணுறீங்கன்னு காட்டும். கால்ல ஒட்டுறது சில பேர் ராத்திரி முழுக்க உதைப்பாங்க, அதுக்கு. நெஞ்சுப் பட்டை, வயித்துப் பட்டை ரெண்டும் மூச்சுக்கு. விரல்ல மாட்டுறது ஆக்சிஜன். தொண்டையில ஒரு மைக். கூரையில ஒரு மைக்."

"என் கந்தின்ல கூட இவ்வளவு ஒயர் இல்லம்மா."

"செல்ஃபி எடுத்துக்கலாமா? ராக்கெட்ல போற மாதிரியே இருக்கீங்க லா."

புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கேட்டாள், "எனக்கு மூச்சு நின்னா நீ வந்து எழுப்புவியா?"

மஜீதா கொஞ்சம் தயங்கினாள். "எழுப்பக் கூடாது ஆன்டி. நாங்க பக்கத்து ரூம்ல உக்காந்து எண்ணிக்கிட்டுத்தான் இருப்போம். ரொம்ப ஆபத்துன்னாத்தான் உள்ள வருவோம்."

எண்ணுவது. அது அவளுக்கும் தெரிந்த வேலைதான்.

கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறையில் கடிகாரம் இல்லை. இனி வருகிற நேரங்கள் எல்லாம் பின்னால் அந்தத் தாளிலிருந்து தெரிந்தவை.

11.08. விளக்கு அணைந்தது. மூலையில் கேமராவின் சிவப்புப் புள்ளி. கூரையிலிருந்து மஜீதாவின் குரல். "ஆன்டி, கண்ணை மட்டும் மேல பாருங்க... கீழ... அஞ்சு தடவை சிமிட்டுங்க... இப்ப மூச்சைப் பிடிங்க... விடுங்க. ஓக்கே. குட் நைட்."

11.52.

டட்... டட்.

டட்.

"எழுந்துட்டேங்க," என்று முனகித் திரும்பிப் படுத்தாள். அதன் பிறகுதான் கண் திறந்தது. இருட்டு. எங்கே இருக்கிறோம் என்று புரிய ஒரு நொடி ஆனது. கனவு, என்று சொல்லிக்கொண்டாள். வலது தோளில் மட்டும் ஒரு சின்ன வலி இருந்தது.

12.40. கூரையில் 'கிளிக்' என்று ஒரு சத்தம்.

"ஆன்டி... பாத்ரூம் போனீங்களா?"

"இல்லையேம்மா."

நீண்ட நேரம் கழித்து, "சரி ஆன்டி. தூங்குங்க."

ஏன் கேட்டாள்?

1.26. கதவு திறந்தது. மஜீதா கையில் ஒரு சிறிய டார்ச்சு. "ஒயர் கழண்டிருக்கோன்னு பாத்தேன்," என்றாள். ஆனால் அவள் ஒயரைப் பார்க்கவில்லை. வெளிச்சத்தைக் கட்டிலின் கதவுப் பக்கமாக அடித்தாள். அந்தத் தலையணையில் ஒரு குழி. தலை அழுந்திய குழி.

மஜீதா அதைக் கையால் தட்டிச் சமமாக்கினாள். "ஏசி ரொம்ப குளுருதா ஆன்டி?" குரல் சரியாக இல்லை. பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு புஷ்பவல்லி எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. விழித்தபோது வாசனைதான் முதலில் வந்தது. டீசல். அதோடு தேங்காய் எண்ணெய். மெத்தை கதவுப் பக்கமாகச் சரிந்திருந்தது. கனமான ஓர் ஆள் படுத்தால் சரிகிற மாதிரி.

குறட்டை கேட்டது.

பயம் வர வேண்டும். வரவில்லை. பயம் வராததுதான் அவளைப் பயமுறுத்தியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இருபத்தாறு வருடம் கேட்ட குறட்டை. எங்கே ஏறும், எங்கே உடையும் என்று மனப்பாடம். பதினான்கு மாதமாக இந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

ஏறியது... ஏறியது...

அறுந்தது.

அவள் எண்ண ஆரம்பித்தாள். பத்து. பதினைந்து. இருபது.

முழங்கை.

நகரவில்லை.

கை அவளுடையதாக இல்லை. கால் இல்லை. நாக்கு இல்லை. நெஞ்சின்மேல் ஏதோ உட்கார்ந்திருந்தது. கண்ணை மட்டும் அசைக்க முடிந்தது. கதவுப் பக்கம் திருப்பினால் பார்க்கலாம்... திருப்பவில்லை.

இருபத்தைந்து.

இந்தத் தடவை விட மாட்டேன். ஒரே ஓர் இடி. ஒரே ஓர் இடி போதும்.

இருபத்தெட்டு...

திரும்புங்க. ஐயோ, திரும்புங்க.

முப்பது...

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

'அப்பாடா.'

அவளுடைய குரல்.

அப்போதுதான் தெரிந்தது...

அவளும் மூச்சு விடவில்லை.

டட்... டட்.

டட்.

தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி இழுத்து மூச்சு விட்டாள். உடம்பு அவிழ்ந்தது. புரண்டு கதவுப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. மஜீதா தட்டிச் சமமாக்கிய தலையணையில் மறுபடியும் அந்தக் குழி. கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.

5.30க்கு விளக்கு போட்டார்கள். மஜீதா ஈரத்துணியால் பிசினைத் துடைத்தாள். இப்போது வேடிக்கைப் பேச்சு இல்லை.

"ஆன்டி... அங்கிள் இருக்காங்களா?"

"இல்லம்மா. போயிட்டாரு."

துணி நின்றது. பிறகு மறுபடியும் துடைத்தது. "சும்மாதான் கேட்டேன்," என்றாள் மஜீதா.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் அந்தப் பதினொரு பக்கத்தை மேசையில் விரித்து வைத்தார். வாணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கு நாற்பத்து நான்கு தடவை மூச்சு நின்றிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் எழுபத்தொன்று வரைக்கும் இறங்கியிருக்கிறது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை மூடுகிறது. மூளை பதறிப்போய்ப் பாதி எழுப்பிவிடுகிறது. காலையில் எதுவும் நினைவிருக்காது. அசதி மட்டும் இருக்கும். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"கை அசைக்க முடியலன்னு சொன்னீங்க இல்லையா, அதுக்கும் காரணம் இருக்கு. கனவுத் தூக்கத்துல உடம்பு பூட்டிக்கும். சில நேரம் மனசு முதல்ல முழிச்சுக்கும், உடம்பு லேட்டா வரும். அப்ப ரூம்ல ஆள் இருக்கற மாதிரி நெறையப் பேருக்குத் தோணும். பயப்படாதீங்கம்மா."

எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. புஷ்பவல்லி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சூடான தலையணைக்கு என்ன பெயர் என்று கேட்கவில்லை.

ஒரு பக்கத்தில் மட்டும் டாக்டரின் விரல் நின்றது. "இதுதான் ஆச்சரியம். ஒவ்வொரு தடவை மூச்சு நிக்கும்போதும் முப்பது செகண்டுக்குள்ள திரும்பிப் படுக்குறீங்க. ஒண்ணுகூடத் தப்பல. அதனாலதான் தப்பிச்சீங்க. யாரோ பழக்கி வெச்ச மாதிரி."

காரில் வாணி நெடுநேரம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்பாவுக்கும் இதுதானேம்மா? அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா..."

புஷ்பவல்லி கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். பூனை மாதிரி தூங்குவாரு. சொன்ன வாய் இதுதான்.

ஒரு மெஷினைக் கொடுத்து இரண்டு வாரம் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மூக்கில் மாட்டுகிற மாஸ்க், ஒரு குழாய், கட்டிலோரம் ஒரு சின்னப் பெட்டி. அது காற்றைத் தள்ளித் தொண்டையை மூட விடாது. முதல் இரவு ஏழு மணி நேரம் தூங்கினாள். இரண்டாம் இரவும் அப்படியே. கந்தினில் ஆசிரியைகள், "அக்கா, முகமே தெளிஞ்சிருச்சே, என்ன சாப்பிடுறீங்க?" என்றார்கள்.

மூன்றாம் இரவு கழிந்த காலை, அரிசி மூட்டைகள் இருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மூன்று இரவு. மூச்சு நிற்கவில்லை. ஆகவே யாரும் வரவில்லை.

நாலாம் இரவு மாஸ்க் மாட்டவில்லை. சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தாள்.

டட்... டட்.

டட்.

"எழுந்துட்டேங்க," என்றாள் இருட்டைப் பார்த்து.

அவர் போன பிறகு அவள் நிம்மதியாகச் சிரித்தது அன்றுதான்.

இரண்டு வாரம் முடிந்து மையத்துக்குப் போனார்கள். வாணி கார் நிறுத்தப் போயிருந்தாள். நடைபாதையில் மஜீதா காத்திருந்தாள். இளைத்திருந்தாள். இரவு வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாளாம்.

"ஆன்டி, நான் சொன்னேன்னு டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. ஒயர் இழுத்திருக்கும், பக்கத்து ரூம் சத்தம் கலந்திருக்கும்னு சொல்லி நான் பாத்ததை ரிப்போர்ட்ல போடாம விட்டுட்டாங்க. அன்னிக்குப் பக்கத்து ரூம்ல ஆளே இல்ல ஆன்டி."

"என்னம்மா?"

"தொண்டை மைக்ல உங்க குறட்டை மட்டும்தான். கூரை மைக்ல ரெண்டு பேரு." நடைபாதையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "கதவுப் பக்கம் மெத்தை அமுங்கினதப் பாத்துத்தான் பாத்ரூம் போனீங்களான்னு கேட்டேன். வீடியோவுல உங்க நைட்டி, தோள்கிட்ட, உள்ள அமுங்கி அமுங்கி எழும்புது. ரெண்டு தடவை. அப்பறம் ஒரு தடவை. யாரும் இல்ல. ஆனா அமுங்குது."

புஷ்பவல்லியின் கை தானாக வலது தோளுக்குப் போனது.

"அந்த இன்னொரு குறட்டை நடுவுல நின்னு போச்சு. அப்பறம் வரவே இல்ல. ஆனா தட்டுறது நிக்கல ஆன்டி. நான் விளக்கு போடுற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்திச்சு."

"குறட்டை..." புஷ்பவல்லி அவள் கையைப் பிடித்தாள். "எத்தனை மணிக்கும்மா நின்னுச்சு?"

"மூணு பதினேழு."

நடைபாதைக் கோடியில் லிஃப்ட் திறந்தது. வாணி வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

உள்ளே, டாக்டர் மெஷினின் பதிவைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "மூணு ராத்திரிதான் போட்டிருக்கீங்க. ஏம்மா? இடைஞ்சலா இருக்கா? வேற மாஸ்க் தரட்டுமா? இதை விட்டா ஒருநாள் எழுந்திருக்க மாட்டீங்க. வெளையாட்டு இல்ல." சொந்தமாக ஒரு மெஷினுக்கான படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

வாணி பேனாவை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"போடுங்கம்மா. அப்பாவை விட்டுட்டோம். உங்களையும் விட முடியாது என்னால. தனியாப் படுத்திருக்கீங்க... ராத்திரி மூச்சு நின்னா யாரும்மா எழுப்புவா உங்கள?"

மகளின் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். கையெழுத்துப் போடாமல் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தாள். மேசையிலிருந்த மெஷினின் குழாயை மெல்லச் சுருட்டினாள். மாஸ்க்கைத் துடைத்து, பெட்டியோடு பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, டாக்டர் பக்கமாகத் தள்ளினாள்.

"வேணாம்மா," என்றாள்.